மெல்லிய பீங்கான் தள ஓடுகள்: வலிமையும் பொருத்தமும்

கட்டடத்தின் உறுப்புகளுள் ஓய்வின்றி உழைப்பது தளமே. நடப்பவரின் எடையையும், இழுக்கப்படும் கட்டிலின் உராய்வையும், கைதவறி விழும் பாத்திரத்தின் மோதலையும், காலணியோடு உள்ளே வரும் மணலையும் அது நாள்தோறும் தாங்குகிறது. முன்னாளில் இப்பணியைக் கருங்கல்லும், கடப்பைக் கல்லும், கோட்டாக் கல்லும், மொசைக் ஓடுகளும் செய்து வந்தன. இவற்றுள் பெரும்பாலானவை 20 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ கனமுடையவை. இன்று அவற்றின் இடத்தை மக்கள் ‘டைல்’ என வழங்கும் பீங்கான் ஓடுகள் பெரிதும் பற்றியுள்ளன.

குஜராத் மாநிலத்தில் மச்சு நதிக்கரையில் அமைந்த மோர்பி நகரமும் அதன் சுற்றுப்புறமும் இந்தியாவில் இத்தொழிலின் தலைமை நிலையமாக விளங்குகின்றன. அங்கிருந்து நாடெங்கும் செல்லும் தள ஓடுகளின் கனம் பொதுவாக 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை உள்ளது. ஆயினும் உலகில் பீங்கான் ஓடுகளை மேலும் மேலும் மெல்லியனவாகச் செய்யும் முயற்சி இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல் நடைபெற்று வருகிறது. இத்தாலியில் மோதனா நகரை அடுத்த தொழிற்பகுதியில் 3 மில்லிமீட்டர் கனமும், ஒரு மீட்டர் அகலமும், மூன்று மீட்டர் நீளமும் உள்ள பலகைகள் முதலில் உருவாக்கப்பட்டன. இன்று 3, 5.5, 6 மில்லிமீட்டர் கனமுள்ள ஓடுகள் சந்தையில் கிடைக்கின்றன.

களிமண், எரிபொருள், வண்டிக் கூலி ஆகிய மூன்றையும் இவை மிச்சப்படுத்துகின்றன. ஆனால் இவ்வளவு மெல்லிய ஓர் ஓட்டைக் காலடியில் பரப்பலாமா என்ற ஐயம் எழுவது இயல்பே. இவ்வையத்துக்கு உரிய விடையில் பாதி ஓட்டில் உள்ளது. மறுபாதி அதன் அடியில் உள்ள படுகையில் இருக்கிறது. பள்ளி, மருத்துவமனை, குடியிருப்பு ஆகியவற்றின் மதிப்பீடுகளைத் தயாரிக்கும் களப்பணியாளர் இவ்விரு பாதிகளையும் அறிந்திருத்தல் அவசியம்.

பீங்கான் ஓட்டின் இயல்பு

களிமண், பெல்ஸ்பார், குவார்ட்ஸ் என்னும் படிக மணல் ஆகிய மூன்றும் பீங்கான் ஓட்டின் மூலப்பொருள்களாகும். ஈரமான களிமண் உருவத்தைத் தருகிறது. பெல்ஸ்பார் சூளையில் உருகிக் கண்ணாடி போன்ற திரவமாகி, துகள்களுக்கிடையே உள்ள வெற்றிடங்களை நிரப்புகிறது. குவார்ட்ஸ் உருக்குலையாமல் நின்று எலும்புக்கூடு போல் உதவுகிறது. இம்மூன்றையும் நீருடன் கூட்டி உருளை ஆலைகளில் மிக நுண்ணிதாக அரைத்து, அக்குழம்பை வெப்பக் காற்றில் தெளித்து உலர்த்திப் பொடியாக்குகின்றனர். சிறிதளவே ஈரம் எஞ்சியுள்ள அப்பொடியைப் பேரழுத்தத்தில் ஓடாக அழுத்தி, ஏறத்தாழ 1,200 டிகிரி சென்டிகிரேட் வெப்பத்தில் சுடுகின்றனர். வெந்து வெளிவரும்போது ஓடு எல்லாப் பக்கங்களிலும் சுருங்கி, இறுகி, ஏறக்குறைய நுண்துளைகளே அற்றதாகி விடுகிறது.

ஓடுகளை வகைப்படுத்துவதற்கு இந்த நுண்துளைகளின் அளவே அடிப்படையாகும். சர்வதேசத் தரக்குறிப்பான ஐ.எஸ்.ஓ. 13006, தன் எடையில் 0.5 சதவிகிதத்துக்கு மேற்படாமல் நீரை உறிஞ்சும் ஓடுகளை முதல் தொகுதியில் சேர்க்கிறது. அத்தொகுதியே பீங்கான் ஓடு. சுவர்களுக்கென்று செய்யப்படும் சாதாரண மெருகு ஓடுகள் 10 சதவிகிதத்துக்கு மேலும் நீரை உறிஞ்சலாம். நம் நாட்டில் ஐ.எஸ். 15622 என்னும் இந்தியத் தரக்குறிப்பும் நீர் உறிஞ்சும் அளவைக் கொண்டே ஓடுகளைப் பிரிக்கிறது. 2006ஆம் ஆண்டில் வெளியான அது 2017ஆம் ஆண்டில் திருத்தப்பெற்றது.

நீர் உறிஞ்சாமை என்பது வெறும் தூய்மையைப் பற்றிய செய்தியன்று. நுண்துளை ஒவ்வொன்றும் ஒரு பலவீனமான இடம். துளைகள் குறையுந்தோறும் ஓட்டின் வலிமை ஏறுகிறது. மெல்லிய ஓடு செய்வது சாத்தியமானதே பீங்கானின் இந்த நெருக்கத்தினால்தான். சுவர் ஓட்டின் மண்ணைக் கொண்டு 3 மில்லிமீட்டர் பலகை செய்தால் அது கையில் எடுக்கும்போதே நொறுங்கி விடும்.

அழுத்தத்தில் வன்மை, வளைவில் மென்மை

கரும்பலகையில் எழுதும் சுண்ணக்கட்டி ஒன்றை எடுத்து மேசை மீது செங்குத்தாக நிறுத்தி விரலால் அழுத்தினால் அது எளிதில் நொறுங்குவதில்லை. அதனையே இரு கைகளாலும் பிடித்துச் சற்று வளைத்தால் உடனே இரண்டாக முறிகிறது. பீங்கான், கண்ணாடி, செங்கல், கல் ஆகிய எல்லாப் பொருள்களுக்கும் இவ்வியல்பு உண்டு. நெருக்கும் விசையை அவை நன்கு தாங்கும். இழுக்கும் விசைக்கு எளிதில் இடங்கொடுத்து விடும்.

வளையும் பலகையின் மேற்புறம் நெருக்கப்படுகிறது, கீழ்ப்புறம் இழுக்கப்படுகிறது. அக்கீழ்ப்புறத்தில் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய கீறல் ஒன்று இருப்பின், இழுவிசை அக்கீறலின் நுனியில் குவிந்து அதனை மேலும் கிழிக்கிறது. இரும்பாயின் அவ்விடத்தில் சற்றே இளகி நீண்டு கொடுத்து விசையைத் தணித்து விடும். பீங்கானுக்கு அவ்வாறு நீண்டு கொடுக்கும் இயல்பு இல்லாமையால், ஒரு முறை ஓடத் தொடங்கிய கீறல் மறு விளிம்பைச் சேர்ந்தே நிற்கும். கண்ணாடியின் வலிமை கணக்கில் எதிர்பார்ப்பதைக் காட்டிலும் மிகக் குறைந்திருப்பதற்கு இந்த நுண்கீறல்களே காரணம் என்பதை இங்கிலாந்தைச் சேர்ந்த கிரிஃபித் என்னும் பொறியியலறிஞர் 1921ஆம் ஆண்டில் விளக்கினார்.

ஆகவே தள ஓடு ஒன்று உடைந்தால், அதன் மேல் வைத்த பாரம் அதனை நசுக்கி விட்டது என்று கருதுவது பெரும்பாலும் பிழையாகும். அது வளைந்தே உடைந்திருக்கும். எங்கே வளைய இடமில்லையோ அங்கே மெல்லிய ஓடும் வியக்கத்தக்க பாரத்தைத் தாங்கும்.

கனத்தின் வர்க்கம்

வளைவைத் தாங்கும் ஆற்றல் கனத்தைப் பொறுத்து எவ்வாறு மாறுகிறது? கலிலியோ 1638ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் விட்டங்களின் வலிமையை ஆராய்ந்து, அவ்வாற்றல் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று காட்டினார். அவ்விதி ஓட்டுக்கும் பொருந்தும். கனம் பாதியானால் வலிமை பாதியாவதில்லை; கால் பங்காகி விடுகிறது. கனம் மூன்றில் ஒன்றானால் வலிமை ஒன்பதில் ஒன்றாகிறது. மெல்லிய ஓட்டைப் பற்றிய எல்லாக் கேள்விகளுக்கும் இவ்விதியே அடிப்படை.

பரிசோதனைக்கூடத்தில் ஓட்டினை இரு தண்டுகளின் மேல் வைத்து, நடுவில் மூன்றாம் தண்டினால் படிப்படியாக அழுத்தி உடைக்கின்றனர். உடைத்த விசையைத் தாங்கு தண்டுகளுக்கு இடைப்பட்ட தூரத்தால் பெருக்கி, ஓட்டின் அகலத்தால் வகுத்தால் கிடைப்பது ‘முறிவு வலு’ எனப்படும். அகலமும் இடைத்தூரமும் சமமாயின், உடைக்கும் விசையே முறிவு வலுவாகும் என்பது இதிலிருந்து விளங்கும். கனத்தின் பங்கை நீக்கி, பொருளின் தன்மையை மட்டும் காட்டும் மற்றோர் எண் ‘முறிவுக் குணகம்’ எனப்படும். முறிவுக் குணகத்தைக் கனத்தின் வர்க்கத்தால் பெருக்கி, அதில் மூன்றில் இரண்டு பங்கு எடுத்தால் முறிவு வலு கிடைக்கும்.

ஐ.எஸ்.ஓ. 13006 பீங்கான் ஓட்டின் சராசரி முறிவுக் குணகம் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 35 நியூட்டனுக்குக் குறையலாகாது என்கிறது. முறிவு வலுவோ, 7.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் கனமுள்ள ஓட்டுக்கு 1,300 நியூட்டனும், அதற்குக் குறைந்த கனமுள்ளதற்கு 700 நியூட்டனும் இருத்தல் வேண்டும். ஒரு கிலோகிராம் எடை ஏறத்தாழ 10 நியூட்டன் ஆகையால், இவை முறையே சுமார் 132 கிலோகிராம், 71 கிலோகிராம் எடைக்குச் சமமாகும்.

குணகம் 35 எனக் கொண்டு வெவ்வேறு கனங்களுக்கு முறிவு வலுவைக் கணக்கிட்டால், 10 மில்லிமீட்டர் ஓட்டுக்கு 2,333 நியூட்டனும், 9 மில்லிமீட்டருக்கு 1,890 நியூட்டனும், 7.5 மில்லிமீட்டருக்கு 1,312 நியூட்டனும், 5.5 மில்லிமீட்டருக்கு 706 நியூட்டனும், 3 மில்லிமீட்டருக்கு 210 நியூட்டனும் வருகின்றன. இவ்வெண்களைத் தரக்குறிப்பின் எண்களோடு ஒப்பிட்டால் ஓர் உண்மை தெளிவாகும். 7.5 மில்லிமீட்டர் ஓடு 1,300 என்னும் எல்லையையும், 5.5 மில்லிமீட்டர் ஓடு 700 என்னும் எல்லையையும் மயிரிழையில் தொடுகின்றன. 5 மில்லிமீட்டர் ஓடு 700ஐ எட்ட வேண்டுமானால் அதன் குணகம் 42 ஆக உயர வேண்டும். நல்ல பீங்கானுக்கு இஃது இயலும். 3 மில்லிமீட்டர் ஓட்டுக்கோ குணகம் 116க்கு மேல் வேண்டும். சாதாரணப் பீங்கானைக் கொண்டு அதனை எய்த இயலாது.

மெல்லிய ஓடுகளுக்கென்றே அமெரிக்காவில் 2017ஆம் ஆண்டில் வெளியான தரக்குறிப்பு 3.5 முதல் 4.9 மில்லிமீட்டர் வரை கனமுள்ளவற்றைச் சுவருக்கும், 5.0 முதல் 6.5 மில்லிமீட்டர் வரை கனமுள்ளவற்றைத் தளத்துக்கும் சுவருக்கும் என்று பிரித்தது. மேலே கண்ட கணக்கும் ஏறக்குறைய இதே எல்லையையே காட்டுகிறது.

படுகையும் வெற்றிடமும்

பரிசோதனைக்கூடத்துத் தண்டுகள் வீட்டுத் தளத்தில் இல்லை. ஓட்டின் அடிப்புறம் முழுவதும் கெட்டியான படுகையில் பதிந்திருப்பின், மேலே வைக்கும் பாரம் ஓட்டின் வழியே நேராகப் படுகைக்கும், படுகையிலிருந்து காங்கிரீட்டுக்கும் இறங்கி விடுகிறது. ஓடு வளைய இடமே இல்லை.

ஆனால் ஓட்டின் அடியில் ஓரிடத்தில் சாந்து படியாமல் வெற்றிடம் நின்று விட்டால், அவ்விடத்தில் ஓடு ஒரு சிறு பாலமாகி விடுகிறது. பரிசோதனைக்கூடத்துத் தண்டுகள் அங்கே வேறு உருவில் தோன்றி விட்டன எனலாம். வெற்றிடம் ஓட்டின் நடுவில் இருப்பதைக் காட்டிலும் மூலையில் இருப்பது மேலும் கொடிது. நடுவில் ஓட்டுக்கு நாற்புறமும் தாங்கல் உண்டு. மூலையில் இரு புறம் தாங்கல் அற்று, ஓடு வெளியே நீண்ட பலகை போல் நிற்கிறது.

வீடுகளில் காணும் ஓர் எடுத்துக்காட்டினைக் கொள்ளலாம். சமையல் எரிவாயு நிரம்பிய உருளை ஒன்றின் எடை ஏறத்தாழ 30 கிலோகிராம். அதன் அடிவளையம் முழுவதும் தளத்தில் அமர்ந்திருக்கையில் பாரம் பரவி நிற்கிறது. அதனைச் சாய்த்து விளிம்பில் உருட்டிச் செல்லும்போது அந்த முழு எடையும் விரல் நுனியளவு இடத்தில் விழுகிறது. எடுத்து வைக்கும் வேகத்தில் தட்டென்று இறக்கினால் விசை எடையைப் போல் பன்மடங்காகிறது. துணியும் பாத்திரமும் நிறைந்து 200 கிலோகிராம் எடையுள்ள இரும்புப் பீரோவின் நான்கு கால்களுள் ஒவ்வொன்றும் 50 கிலோகிராம், அதாவது ஏறத்தாழ 500 நியூட்டன், தாங்குகிறது. தளம் சமமின்றி ஒரு கால் தூக்கி நின்றால் மற்றக் கால்களின் பங்கு மேலும் கூடும்.

இத்தகைய கால் ஒன்று வெற்றிடத்தின் மேல் அமைந்து விட்டது என்று கொள்வோம். வெற்றிடத்தின் நீளமும் அகலமும் சமமாயின், பாரத்தை முறிவு வலுவோடு நேராக ஒப்பிடலாம். 9 மில்லிமீட்டர் ஓட்டின் 1,890 நியூட்டனுக்கு 500 நியூட்டன் ஒரு பொருட்டன்று. 5.5 மில்லிமீட்டர் ஓட்டின் 706 நியூட்டனுக்கு அது தாங்கத்தக்கதே. ஆனால் மோதலுக்கு எஞ்சியிருக்கும் இடம் குறைவு. 3 மில்லிமீட்டர் ஓட்டின் 210 நியூட்டனை அது இரு மடங்குக்கு மேல் மிஞ்சி விடுகிறது. உண்மையில் ஓடு வெற்றிடத்தைச் சுற்றிலும் தொடர்ந்து பரவியிருப்பதால் நிலைமை இக்கணக்கைக் காட்டிலும் ஓரளவு சாதகமாகவே இருக்கும். எனினும் மூன்று ஓடுகளுக்கும் இடையே உள்ள விகிதம் மாறுவதில்லை.

கனமான ஓடு கொத்தனாரின் சிறு குறைகளை மன்னிக்கும். மெல்லிய ஓடு மன்னிக்காது. இவ்விருவகை ஓடுகளுக்கும் உள்ள வேறுபாட்டின் சாரம் இதுவே.

பிடிப்பின் இரகசியம்

நம் நாட்டில் ஓடு பதிக்கும் பழைய முறை எல்லோரும் அறிந்ததே. ஓட்டினை நீரில் ஊறவைத்து, மணலும் சிமெண்டும் கலந்த சாந்தைப் பரப்பி, அதன்மேல் சிமெண்டுப் பாலை ஊற்றி ஓட்டைத் தட்டி அமர்த்துவர். நுண்துளைகள் மிக்க ஓடுகளுக்கு இம்முறை நன்கு பயன்பட்டது. சிமெண்டுப் பால் அத்துளைகளுள் புகுந்து இறுகி, வேர்விட்டாற் போல் ஓட்டைப் பற்றிக்கொண்டது.

பீங்கானில் புகுவதற்குத் துளைகள் இல்லை. அதனை ஊறவைத்தாலும் அது நீரை ஏற்பதில்லை. அடிப்புறத்தில் நிற்கும் ஈரப்படலம் பிடிப்பைக் கெடுக்கவே செய்யும். சூளையின் உருளைகளில் ஒட்டாதிருக்கும் பொருட்டு ஓட்டின் அடிப்புறம் பூசப்படும் வெண்பொடியும் பிடிப்புக்குத் தடையாகும். அதனை ஈரத்துணியால் துடைத்து, உலர விட்டுப் பின்னரே பதிக்க வேண்டும். பீங்கானை வெறும் சிமெண்டில் பதித்தால் சில காலத்தில் ஓடு படுகையிலிருந்து விடுபட்டு, தட்டும்போது பொள்ளென்று ஒலிக்கத் தொடங்குவதற்கு இவையே காரணங்களாகும்.

இக்குறையை நீக்கவே, ‘பாலிமர்’ எனப்படும் நீண்ட மூலக்கூறுப் பொருள்கள் கலந்த ஒட்டுச்சாந்துகள் வந்துள்ளன. இவை துளையின்றியும் பரப்பைப் பற்றும். இறுகிய பின்னும் சிறிதளவு நெகிழ்ந்து கொடுக்கும். இவற்றுக்குரிய இந்தியத் தரக்குறிப்பு ஐ.எஸ். 15477 ஆகும். அது 2004ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டு 2019ஆம் ஆண்டில் திருத்தப்பெற்றது. மெல்லிய ஓட்டுக்கு இத்தகைய ஒட்டுச்சாந்து விருப்பத்துக்குரியது அன்று, கட்டாயமானது.

ஒட்டுச்சாந்தைப் பரப்பும் முறையும் முக்கியமானது. நான்கு மூலைகளிலும் நடுவிலும் ஐந்து உருண்டைகளை வைத்து ஓட்டை அமர்த்தும் வழக்கம் பல இடங்களில் உள்ளது. அம்முறையில் உருண்டைகளுக்கிடையே பரப்பின் பெரும்பகுதி வெற்றிடமாகவே நின்று விடும். அதற்கு மாறாக, ஓரத்தில் பல் வெட்டிய கரண்டியால் சாந்தை ஒரே திசையில் வரிவரியாக இழுத்து, ஓட்டின் அடிப்புறத்திலும் மெல்லிய பூச்சு ஒன்று கொடுக்க வேண்டும். பின்னர் ஓட்டை அமர்த்தி, வரிகளுக்குக் குறுக்காகச் சற்று முன்பின் அசைத்தால் வரிகள் சரிந்து ஒன்றோடொன்று கலந்து, இடையே உள்ள காற்று வெளியேறும். வேலை தொடங்கியதும் ஓர் ஓட்டை உடனே பெயர்த்துத் திருப்பிப் பார்த்தால் சாந்து முழுவதும் படிந்துள்ளதா என்பது தெரிந்து விடும். இச்சோதனைக்கு ஐந்து நிமிடமே செல்லும். ஆனால் பின்னர் ஏற்படக்கூடிய பெருஞ்செலவை அது தடுக்கும்.

ஒட்டுச்சாந்தின் படுகை சில மில்லிமீட்டர் அளவே கனமுடையதாகையால், மேடுபள்ளங்களை அது சரிசெய்யாது. 3 மீட்டர் நீளமுள்ள நேர்ச்சட்டத்தை எத்திசையில் வைத்துப் பார்த்தாலும், அதற்கும் தரைக்கும் இடையே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருத்தலாகாது என்பது பெரிய ஓடுகளுக்குப் பொதுவாகக் கொள்ளப்படும் விதி. இவ்விடைவெளி மெல்லிய ஓட்டின் கனத்துக்கே சமம் என்பதைக் கவனித்தால் இவ்விதியின் அருமை புலனாகும்.

இணைப்புகள்

ஓடுகளை இடைவெளியின்றி நெருக்கிப் பதித்தால் தளம் ஒரே கல்லாகத் தோன்றி அழகு தரும் என்று பலர் விரும்புகின்றனர். இவ்விருப்பம் ஆபத்தானது. பீங்கான் ஒவ்வொரு டிகிரி வெப்பத்துக்கும் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 7 பங்கு விரிகிறது. வெயில் படும் இடத்தில் 40 டிகிரி ஏற்றம் நேர்ந்தால், 3 மீட்டர் நீளத்துக்கு 0.8 மில்லிமீட்டர் விரிவு உண்டாகும். அதே சமயம் அடியில் உள்ள புதிய காங்கிரீட்டு உலர்ந்து சுருங்கிக்கொண்டிருக்கும். விரிவுக்கு இடம் இல்லையாயின் இரு வரிசை ஓடுகள் நடுவே கூரை போல் எழும்பிப் பிரிந்து விடும். ஆகவே ஓடுகளுக்கிடையே 2 அல்லது 3 மில்லிமீட்டர் இணைப்பும், சுவரோரத்தில் பூச்சுப் பலகை மறைக்கும் அளவில் ஓர் இடைவெளியும் விடுதல் வேண்டும்.

தேய்வு வேறு, முறிவு வேறு

மெல்லிய ஓடு விரைவில் தேய்ந்து போகும் என்ற கருத்து பரவியுள்ளது. அது சரியன்று. நடையினால் ஏற்படும் தேய்வு பரப்பின் மேற்படலத்தைப் பொறுத்தது. அதன் அடியில் எத்தனை மில்லிமீட்டர் உள்ளது என்பது அதனைப் பாதிப்பதில்லை. ஒரே பொருளால் ஆன 3 மில்லிமீட்டர் ஓடும் 10 மில்லிமீட்டர் ஓடும் ஒரே அளவில் தேயும். அவ்வாறே வழுக்குதலும் பரப்பின் தன்மையையே சார்ந்தது. கண்ணாடி போல் மெருகிட்ட ஓட்டின் மேல் நீர் நின்றால், அதன் கனம் எதுவாயினும் அது குளியலறைக்கு ஏற்றதன்று. ஓட்டைத் தேர்ந்தெடுக்கையில் முறிவு, தேய்வு, வழுக்கல் ஆகிய மூன்றையும் தனித்தனியே வினவ வேண்டும்.

எங்கே பொருந்தும்

மெல்லிய ஓட்டினால் வரும் நன்மை சிறிதன்று. பீங்கானின் அடர்த்தி நீரைப் போல் ஏறத்தாழ 2.4 மடங்கு. அதன்படி 9 மில்லிமீட்டர் ஓடு ஒரு சதுர மீட்டருக்கு 21.6 கிலோகிராமும், 5.5 மில்லிமீட்டர் ஓடு 13.2 கிலோகிராமும், 3 மில்லிமீட்டர் ஓடு 7.2 கிலோகிராமும் எடையுள்ளன. ஓர் இலட்சம் சதுர மீட்டர் தளத்தில் 9 மில்லிமீட்டருக்குப் பதிலாக 5.5 மில்லிமீட்டரைப் பயன்படுத்தினால் 840 டன் பீங்கான் மிச்சமாகும். அதற்குரிய மண்ணை வெட்டவும், சுடவும், நாட்டின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குக் கொண்டு செல்லவும் ஆகும் செலவும் மிஞ்சும்.

பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும்போது இந்நன்மை மேலும் சிறக்கும். பழைய மொசைக் தளம் உறுதியாக இருப்பின், அதனைப் பெயர்க்காமல் அதன் மேலேயே 5.5 அல்லது 6 மில்லிமீட்டர் ஓட்டை ஒட்டலாம். கதவின் அடியை மிகுதியாகச் சீவ வேண்டியதில்லை. 20 மில்லிமீட்டர் சாந்தும் 9 மில்லிமீட்டர் ஓடும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 60 கிலோகிராம் அளவில் பழைய கூரைப்பலகத்தின் மேல் ஏற்றும் பாரம், இம்முறையில் ஏறத்தாழ 20 கிலோகிராமாகக் குறைகிறது.

ஆகவே 5 முதல் 6.5 மில்லிமீட்டர் வரை கனமுள்ள ஓடு, சமமான உறுதியான அடித்தளமும், முழுப் பரப்பும் படியும் ஒட்டுச்சாந்தும், பயிற்சி பெற்ற கொத்தனாரும் கிடைக்குமிடத்தில் படுக்கையறை, அலுவலக அறை, படிப்பறை போன்ற இடங்களுக்கு ஏற்றது. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் 8 அல்லது 9 மில்லிமீட்டர் ஓடே மேல். மருத்துவமனையின் நடைக்கூடங்களில் சிறிய கடினமான சக்கரங்களோடு தள்ளுவண்டிகள் ஓடுகின்றன. பள்ளி வகுப்பறைகளில் இரும்பு மேசைகள் இழுக்கப்படுகின்றன. கிடங்குகளில் பெட்டிகள் எறியப்படுகின்றன. சமையலறையில் உருளை உருளுகிறது. இத்தகைய இடங்களில் கனத்தைக் குறைத்து மிச்சம் பிடிப்பது உண்மையான சிக்கனமாகாது. வண்டி நிறுத்தும் முகப்புகளுக்கு அதனினும் கனமான ஓடுகள் வேண்டும். 3 மில்லிமீட்டர் அளவுள்ள பலகைகள் சுவருக்கு உரியவை. சிலவற்றின் அடியில் கண்ணாடி இழை வலை ஒட்டப்பட்டிருக்கும். அவ்வலை உடைந்த துண்டுகள் சிதறாமல் பிடித்துக்கொள்ளும். அதனால் மட்டும் அவ்வோடு கனமான ஓட்டுக்கு நிகராகி விடுவதில்லை.

மதிப்பீட்டில் ஓட்டின் நீளம், அகலம், நிறம் ஆகியவற்றை எழுதி, கனத்தை எழுதாமல் விடுவது எளிதில் நேரும் தவறாகும். கனம் குறிக்கப்படாத இடத்தில், வழங்குபவர் தமக்கு மலிவானதை வழங்குதல் இயற்கை. கனத்தையும், முறிவு வலுவையும், ஒட்டுச்சாந்தின் தரக்குறிப்பையும் எழுத்தில் கேட்டுப் பெறுவதே பொதுப்பணத்தைக் காக்கும் வழி. உடைந்த பீங்கானின் விளிம்பு கத்திக்கு ஒப்பானது. வெறுங்காலுடன் நடக்கும் குழந்தைகள் உள்ள பள்ளியிலும் அங்கன்வாடியிலும் உடைந்த ஓடு வெறும் அழகுக்குறை அன்று.

வெட்டும்போது கவனம்

பீங்கானில் குவார்ட்ஸ் உண்டு. சுழலும் தகட்டினால் உலர்நிலையில் ஓட்டை அறுக்கும்போது எழும் வெண்தூசியின் நுண்துகள்கள் நுரையீரலின் ஆழத்தில் தங்கி, ‘சிலிகோசிஸ்’ என்னும் நோயை உண்டாக்கக்கூடும். பல ஆண்டுகள் கழித்து வெளிப்படும் இந்நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. தடுப்பது ஒன்றே வழி. அறுக்குமிடத்தில் நீர் சொட்டிக்கொண்டே இருக்கச் செய்ய வேண்டும். தக்க முகமூடி அணிய வேண்டும். மூடிய அறையில் அறுத்தல் கூடாது. மெல்லிய ஓட்டுக்கு இங்கே ஒரு தனிச்சிறப்பு உண்டு. அதனைச் சிறு சக்கரத்தால் கீறி, கீறலின் மேல் வளைத்து முறித்து விடலாம், தூசி எழுவதில்லை. ஓட்டின் பலவீனமாக மேலே சொல்லப்பட்ட கீறல் இங்கே தொழிலாளிக்குத் துணையாகிறது.

வகுப்பறையில் ஒரு பரிசோதனை

கனத்தின் வர்க்க விதியை ஆசிரியர்கள் எளிதில் செய்து காட்டலாம். குயவர் பயன்படுத்தும் களிமண்ணை நன்கு பிசைந்து, 3 சென்டிமீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர் நீளமும் உள்ள பட்டைகளாக, 5 மில்லிமீட்டர் கனத்தில் ஐந்தும், 10 மில்லிமீட்டர் கனத்தில் ஐந்தும் செய்து நிழலில் ஒரு வாரம் உலர்த்த வேண்டும். உலர்ந்த பட்டையை 10 சென்டிமீட்டர் இடைவெளியில் உள்ள இரு பென்சில்களின் மேல் வைத்து, நடுவில் நூலால் ஒரு தகரக் குவளையைத் தொங்கவிட்டு, அதில் மணலைச் சிறிது சிறிதாகக் கொட்ட வேண்டும். பட்டை முறிந்ததும் குவளையையும் மணலையும் சேர்த்து நிறுத்துக் குறித்துக்கொள்ளலாம். ஐந்தின் சராசரிகளை ஒப்பிட்டால், இரு மடங்கு கனமுள்ள பட்டை ஏறத்தாழ நான்கு மடங்கு எடையைத் தாங்கியிருப்பது தெரியும். ஒரே கனமுள்ள பட்டைகளுக்குள்ளும் எடை வேறுபடுவதை மாணவர்கள் கவனிப்பர். உலரும்போது ஏற்பட்ட நுண்கீறல்களே அதற்குக் காரணம் என்பதை அப்போது விளக்கலாம்.

அடுத்து ஒரு மெல்லிய பட்டையைச் சமமாகத் தட்டிய ஈரமணலின் மேல் வைத்து, அதன் நடுவில் அதே குவளையை நிறுத்திப் பார்க்கலாம். பென்சில்களின் மேல் முறிந்த எடையில் அது இங்கே முறிவதில்லை. மணலில் பட்டையின் நடுப்பகுதிக்கு நேராகப் பள்ளம் ஒன்று தோண்டி விட்டு மீண்டும் வைத்தால் முறிந்து விடும். மெல்லிய ஓட்டைப் பற்றி அறிய வேண்டுவன அனைத்தும் இவ்விரு பரிசோதனைகளில் அடங்கியுள்ளன.

களப்பணியாளருக்கோ இன்னும் எளிய கருவி ஒன்று போதும். ஒட்டுச்சாந்து இறுகியபின், மரக்கைப்பிடி ஒன்றால் ஒவ்வோர் ஓட்டின் நான்கு மூலைகளையும் நடுவையும் தட்டிச் செல்ல வேண்டும். கெட்டியான ஒலி எழுமிடத்தில் ஓடும் படுகையும் ஒன்றாயுள்ளன. பொள்ளென்ற ஒலி எழும் ஓட்டைச் சுண்ணத்தால் குறித்து, கட்டடத்தை ஏற்றுக்கொள்ளுமுன் பெயர்த்து மீண்டும் பதிக்கச் செய்ய வேண்டும். அவ்வாறு செய்யப்பட்ட தளத்தில் மெல்லிய ஓடும் தன் கடமையைப் பழுதின்றிச் செய்யும்.